ஒரே கட்டடம்

நிதித்துறையில் அந்த உயர் அதிகாரிக்குக் ‘கத்தரி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை என்றாலும் அவருக்குத் தெரியும். ஒருநாள் லிப்டில் இரண்டு எழுத்தர்கள், “கத்தரி இன்னிக்கு நல்ல மூடுல இருக்கு, லீவு கேக்கறதுன்னா இப்பவே கேட்டுடு” என்று பேசிக்கொண்டே திரும்பியவர்கள், பின்னால் அவரே நிற்பதைக் கண்டு வெலவெலத்துப் போனார்கள். லீவு வேண்டியிருந்த பையனுக்கு அவர் லீவும் கொடுத்தார். உள்ளூர அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது. துணியைக் கிழிப்பவன் வேறு, வெட்டுபவன் வேறு என்று நினைத்துக்கொள்வார்.

நாட்டின் கடன் கழுத்துக்கு வந்திருந்த காலம் அது. வரியாக வருவதில் பெரும்பங்கு வட்டிக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. “சம்பளம் வீட்டு வாசல் ஏறதுக்கு முன்னாடியே வட்டிக்காரன் வழிமறிச்சு வாங்கிட்டுப் போயிடறான். அப்படி ஒரு குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?” என்று கூட்டங்களில் கேட்பார். பேச்சுக்காகச் சொன்னதல்ல. அவர் வீட்டிலேயே அது நடந்திருக்கிறது. அப்பாவின் மரச்சாமான் கடை நொடித்துப்போய், கடன்காரர்கள் படியேறி வந்த நாட்களில், வாசலில் நின்று “அப்பா வெளியூர் போயிருக்காரு” என்று பொய் சொல்கிற வேலை அவருக்குத்தான். உள்ளறையில் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அம்மா குடும்பத்தைக் கையில் எடுத்தாள். வருஷக்கணக்கில் சிக்கனம் பிடித்துக் கடைசிக் காசுவரை அடைத்தாள். அவர் வாழ்க்கையில் கண்ணால் கண்ட பெரிய வெற்றி அதுதான். பிற்பாடு படித்த பொருளாதாரமெல்லாம் அதற்கு மேல் போட்ட வர்ணம்.

அந்த வருஷம் அவர் தயாரித்த செலவு வெட்டுகளில் ஒன்று, சின்ன ஊர்களில் இருந்த நீண்டநாள் வார்டுகளை மூடுவது. குணமாகவும் மாட்டார்கள், வீட்டுக்குப் போகவும் வீடிருக்காது. அப்படிப்பட்ட நோயாளிகள் கிடக்கிற வார்டுகள். ஆங்காங்கே பத்து இருபது பேரை வைத்துக்கொண்டு தனித்தனியாகச் சமையல், தனித்தனியாகச் சலவை, தனித்தனியாக ஆள். எல்லாரையும் இரண்டு பெரிய கட்டடங்களுக்கு மாற்றிவிட்டால் செலவு பாதியாகும். ஆண்களைத் தலைநகரில் ஒன்றுக்கு, பெண்களை வேறோர் ஊரில் ஒன்றுக்கு. கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை. மூடவேண்டிய வார்டுகளில் ஒன்றுக்கு அவருடைய தங்கைதான் தலைமை நர்ஸ். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். சொந்தத் தங்கையின் வார்டை மட்டும் விட்டுவைத்தால் மற்ற வார்டுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டு நாளில் போன் வந்தது.

“அண்ணா, எங்க வார்டும் மூடறாங்களாமே?”

“ஆமா பாப்பா.” ஐம்பதை நெருங்கியும் அவள் வீட்டில் பாப்பாதான்.

“கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான்.”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ இருமுவதும், ஒரு தள்ளுவண்டி கிரீச்சிட்டுப் போவதும் கேட்டது.

“சரி. ஒரு தடவை வந்து பாத்துட்டு மூடு. பாக்காம மூடாத” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் போனார். போகாமல் இருந்திருக்கலாம், கேட்பாரில்லை. ஆனால் தங்கை கேட்டு மறுத்துப் பழக்கமில்லை.

வார்டு ஒரே நீள அறை. இரண்டு பக்கமும் ஜன்னல்கள், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வர்ணம் உதிர்ந்த சின்ன அலமாரி. நடுவே இடுப்புயரத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பினாயில் வாசனையும் துவைத்த துணியின் வாசனையும் கலந்து வந்தது. படியே கிடையாது, எல்லாம் தரையோடு. சக்கர நாற்காலிகள் குழந்தைகள் மாதிரி இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்தன.

ஒரு நாற்காலி மட்டும் அசையாமல், தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கத்துக் கடைசிக் கட்டிலை ஒட்டி நின்றது. அதில் தையல்காரம்மா. ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சீருடை தைத்தவள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அது கூடாமலே போய், கவனிக்க ஆளில்லாமல் இங்கே வந்து சேர்ந்தவள். கட்டிலில் இருந்தவர் பேண்டு மாஸ்டர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ட்ரம்பெட் ஊதிப் பிழைத்தவர். சர்க்கரை நோய் ஏற்கெனவே இருந்தது. ஒருநாள் ஊதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. போய்விட்டது என்றால், சத்தம் வரும், சொல் வராது. வாய் நிறையக் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும்.

மாஸ்டர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்து என்னவோ சொன்னார். தையல்காரம்மா உடனே மொழிபெயர்த்தாள்.

“ஐயாவுக்கு என்ன ரெண்டு மூக்கா, ரெண்டு கண்ணாடி போட்டிருக்காரேன்னு கேக்கறாரு.”

அதிகாரி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காரில் காகிதம் படித்துவிட்டு நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி அங்கேயே இருந்தது. தூரப்பார்வைக் கண்ணாடி மூக்கில். வார்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

“உங்களுக்கு மட்டும் எப்படிம்மா புரியுது?”

“முதல்ல எனக்கும் புரியல தம்பி. ஆனா நான் எங்க எழுந்து போறது? உக்காந்துக்கிட்டே இருந்தேன். ஒருநாள் புரிஞ்சிடுச்சு.”

நர்ஸ் அறையில் தங்கை டீ கொடுத்தாள். அவர் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினார்.

“பாப்பா, நான் இதை ஆசைப்பட்டுச் செய்யல. இந்த வருஷம் குறைக்கலைன்னா அடுத்த வருஷம் உன் சம்பளத்துக்கே பணம் இருக்காது. கடன் குடுக்கறவன் கையை விரிச்சிட்டான்னா மருந்து வாங்க முடியாது. அப்ப இந்த வார்டை நான் மூட வேண்டியதில்ல, அதுவா மூடிக்கும்.”

“நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லலியே.”

“நம்ம வீட்டுலயும் அப்படித்தானே கரையேறினோம்? அம்மா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி...”

“யாரு வயித்தை?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலில் கோபமில்லை. டீ தம்ளரின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“நீ அப்ப ஹாஸ்டல்ல படிச்சிட்டிருந்த. உன் படிப்புல மட்டும் கைவைக்கக் கூடாதுன்னுட்டாங்க. என்னை ஒரு வருஷம் ஸ்கூலுக்கு அனுப்பல. அம்மா கண்ணாஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்தினாங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளிக்கிட்டே போனாங்க. கடன் அடைஞ்ச அன்னிக்கு அம்மாவுக்கு ஒரு கண்ணுல பார்வை இல்ல.”

“அது வயசானதால போச்சுன்னு சொன்னாங்களே...”

“உன்கிட்ட அப்படித்தான் சொல்லணும்னாங்க.”

வெளியே யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். “வரேன்” என்று குரல் கொடுத்தாள், எழுந்திருக்கவில்லை.

“அப்ப அடைச்சிருக்கவே வேணாம்கறியா?”

“அடைக்காம? வீட்டையே எழுதி வாங்கியிருப்பான். எனக்குத் தெரியாதா? குறைச்சுத்தான் ஆகணும். யாரு தட்டுல குறையுதுன்னு பாத்துக் குறைக்கணும்கறேன், அவ்வளவுதான்.”

அவருக்கு வாதம் செய்யத் தெரியும். அமைச்சர்களை, சங்கத் தலைவர்களை, பத்திரிகைக்காரர்களை மடக்கியிருக்கிறார். அன்றைக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா கடைசிக் காலத்தில் யாராவது பேசினால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பாள். அதை அவர் அவளுடைய வழக்கம் என்றே நினைத்திருந்தார்.

புறப்படும்போது தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள். “வார்டு போனா போகட்டும். இவங்க ரெண்டு பேரையும் மட்டும் பிரிக்காத. அந்தம்மா இல்லன்னா அவர் ஊமை.”

அதை அவர் செய்தார். தலைநகருக்குத் திரும்பிய மறுநாளே, ஆண்களுக்கான பெரிய கட்டடத்தின் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். அங்கே பெண்களுக்கும் சில படுக்கைகள் உண்டு என்று தெரிந்தது. “புருஷன் பெண்சாதியா சார்?” என்று கேட்டார் கண்காணிப்பாளர். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பொய்யான தகவல் எதையும் அவர் கொடுத்ததில்லை. “அப்படித்தான்னு வெச்சுக்கங்க” என்றார்.

தங்கைக்குத் தாமே போன் செய்து சொன்னார். “ரெண்டு பேருக்கும் ஒரே கட்டடம். பேசி முடிச்சிட்டேன்.”

“நிஜமாவா அண்ணா?” அவள் குரல் சின்ன வயதில் இருந்த மாதிரி துள்ளியது. “இரு, இரு, இப்பவே போய்ச் சொல்றேன்.” போனை வைக்கக்கூட மறந்து ஓடிவிட்டாள். தூரத்தில் அவள் உரக்கச் சொல்வதும், பல குரல்கள் கலப்பதும், நடுவே கூழாங்கல் உருளுவது மாதிரி ஒரு சத்தம் எழுவதும் அவருக்குக் கேட்டது. அலுவலக மேஜையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெகுநாளாக மனசு அவ்வளவு நிறைந்ததில்லை.

வார்டு மூடிய அன்று இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். தையல்காரம்மா தலையை வாரிப் பின்னி, புதுத் துணி உடுத்திக்கொண்டு கிளம்பினாள். பேண்டு மாஸ்டர் சீருடைத் தொப்பி கிடைக்கும்வரை வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாராம். தேடி எடுத்துத் தலையில் வைத்த பிறகுதான் ஏறினாராம். இதையெல்லாம் தங்கை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். அவளை அதே ஊரில் வெளிநோயாளிகளுக்கு ஊசி போடுகிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். “நல்ல வேலை. வராங்க, குத்தறேன், திட்டிட்டுப் போறாங்க. யாரும் தங்கறதில்ல” என்றாள்.

பெரிய கட்டடம் அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். “ஒரு நடை போய்ப் பாத்துட்டுச் சொல்லேன்” என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கும் போகவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பட்ஜெட் வேலை. அமைச்சரோடு காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும். இரண்டு முறை போனில் விசாரித்தார். “ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க சார், ஒரு குறையும் இல்ல” என்றார் கண்காணிப்பாளர். அதை அப்படியே தங்கைக்குச் சொன்னார். மழைக்காலம் தொடங்கிவிட்டது.

கடைசியில் தங்கையே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாகப் போனார்கள்.

தையல்காரம்மா மூன்றாவது மாடியில் இருந்தாள். பாப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். பிடித்த கையை விடவேயில்லை. முகம் வற்றியிருந்தது.

“மாஸ்டர் எப்படி இருக்காரு?” என்று கேட்டாள் தங்கை.

“நான்தாம்மா உன்னைக் கேக்கணும். அவர் ஆறாவது மாடியில. வந்த புதுசுல ஒருநாள் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் நாளைக்கு, நாளைக்குங்கறாங்க. இந்தப் பொண்ணுங்களையும் குத்தம் சொல்ல முடியாது. குளிப்பாட்டவே ஆள் போதல, என்னைத் தள்ளிட்டு ஊர்கோலமா போவாங்க?”

தங்கை திரும்பி அண்ணனைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வார்டுகளை ஒன்றாக்கினால் ஆள் மிச்சமாகும் என்று உதவியாளர் பணியிடங்களில் மூன்றில் ஒன்றை எடுத்தவரும் அவர்தான். அது மிச்சத்திலேயே பெரிய மிச்சம்.

சக்கர நாற்காலிகள் கீழே ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்து அவரே ஒன்றை மேலே கொண்டுவந்தார். தங்கையும் அவருமாகத் தையல்காரம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “ஒரு நிமிஷம் இரு தம்பி” என்று தண்ணீர் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லிப்ட் நன்றாகவே ஓடியது. மூன்றிலிருந்து ஆறுக்குப் போக அதற்கு ஒரு பாட்டின் பல்லவி பாடுகிற நேரம்கூட ஆகவில்லை.

பேண்டு மாஸ்டரின் கட்டில் ஜன்னலோரம். கண்ணாடிக் கதவு சரியாக மூடாமல் இடுக்கில் பழந்துணி செருகியிருந்தது. அவர் அரைக்கண் மூடிப் படுத்திருந்தார். நன்றாக இருக்கிற இடக்கையைக் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

“ரொம்பச் சத்தம் போடறார் சார்” என்று பணியில் இருந்த இளம் நர்ஸ் பதற்றத்தோடு ஓடிவந்து சொன்னாள். “போர்வையை உதைக்கறார், கட்டிலைத் தட்டறார். மத்தவங்க தூங்க முடியல. தூக்கத்துக்கு மருந்து குடுக்கச் சொல்லி டாக்டர்தான் சொன்னார்.”

தங்கை முடிச்சை அவிழ்த்தாள்.

“என்னங்க, நான் வந்திருக்கேன்” என்றாள் தையல்காரம்மா.

அவர் கண்ணைத் திறந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கல்லுருளும் குரல் வந்தது. முன்பைவிட மெலிந்து, வார்த்தைக்கு வார்த்தை நின்று. தையல்காரம்மா முன்னால் சாய்ந்து கேட்டாள். சிரிக்கத் தயாராக இருந்த அவள் முகம் மாறியது.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார்.

“கால் எரியுதாம். வந்ததுலேர்ந்து எரியுதாம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்காராம்.”

தங்கை போர்வையைத் தூக்கினாள். வலது கால் விரல்கள் கறுத்திருந்தன. பெருவிரலிலிருந்து கறுப்பு பாதத்தின் மேலே ஏறியிருந்தது. பழைய வார்டில் நாள் தவறாமல் அந்தக் காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கெல்லாம் பார்த்தவள் அவள். கையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு நிதானமாக, “டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே” என்றாள்.

இளம் நர்ஸ் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்து சுவரோரம் நின்று அழுதாள். “எனக்குப் புரியலக்கா. சும்மா கத்தறார்னு நினைச்சேன். நின்னு கேக்க நேரமில்லக்கா.” தங்கை அவள் தோளில் கைவைத்தாள்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். போதவில்லை, மேலேயும் எடுத்தார்கள். தங்கை லீவை நீட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் தங்கினாள். தினமும் போய்த் தையல்காரம்மாவை மேலே தள்ளிக்கொண்டு போவாள். அலுவலகம் முடிந்து அவரும் நேரே அங்கே போவார். மாஸ்டர் சில நாள் பேசினார். காலை எடுத்தபிறகும் அந்தக் கால்தான் அரிக்கிறது, யாராவது சொறிந்துவிடுங்கள் என்றாராம். தையல்காரம்மா வெறும் போர்வையின் மேல் நகத்தால் சொறிந்தாள். “இப்ப தேவலையாம்” என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் மாஸ்டர் தையல்காரம்மாவைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். இடையில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

“என்னம்மா சொல்றாரு?” என்று அதிகாரி கேட்டார்.

“அது எனக்குச் சொன்னது தம்பி” என்றாள் அவள்.

அடுத்த நாள் அவர் பேசவில்லை. அதற்கும் அடுத்த நாள் போய்விட்டார்.

அடக்கத்தை அண்ணனும் தங்கையுமே முன்னின்று செய்தார்கள். தையல்காரம்மாவைக் காரில் கூட்டிப் போனார்கள். மழை விட்டிருந்தது. பழைய பேண்டுக்காரர்கள் யாருக்கும் தகவல் தெரியாததால் வாசிக்க ஒருவரும் வரவில்லை. எத்தனையோ பேரை ஊதி அனுப்பியவர் சத்தமில்லாமல் போனார்.

தங்கை ஊருக்குக் கிளம்பும்போது பஸ் நிலையத்தில், “உடம்பைப் பாத்துக்கோ அண்ணா, நேரத்துக்குச் சாப்பிடு” என்றாள். திட்டவில்லை. கேள்வி கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கும் பதில் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்கும். அவரிடம் பதில் இருந்தது. நாட்டுக்குக் கடன் இருந்தது உண்மை. குறைக்காவிட்டால் எல்லாம் முழுகியிருக்கும் என்பதும் உண்மை. இப்போதும் அதில் ஒரு எழுத்தைக்கூட அவரால் அடிக்க முடியவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அடுத்த மாதமே பெரிய கட்டடத்துக்கு உதவியாளர்களைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று அமைச்சரிடம் போய் நின்றார்.

“என்னய்யா, கத்தரி மழுங்கிடுச்சா?” என்று சிரித்தார் அமைச்சர். மோசமான மனிதரில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டார், நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் தடவிக்கொண்டார். “குடுக்கலாம். எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா மொத்தச் செலவு ஏறக்கூடாது. எதுலேர்ந்து எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

ஒரு வாரம் உட்கார்ந்து தேடினார். ஆளில்லாமல் ஓடுகிற சில காலை பஸ்களில் எடுக்கலாம் என்று தெரிந்தது. ஆளில்லாமல் என்றால் முழுக்க ஆளில்லாமல் அல்ல. ஏழெட்டுப் பேர் ஏறுகிறார்கள். யார் அவர்கள், எங்கே போகிறார்கள், அந்த பஸ் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டு பேனாவைப் பிடித்தபடி இருந்தார். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு நடை ஏறிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. பார்த்தால் இதிலும் கைவைக்க முடியாது. பிறகு இன்னொன்றைத் தேடவேண்டும். கையெழுத்துப் போட்டார். உதவியாளர்கள் வந்தார்கள்; எடுத்த அத்தனை பேரும் அல்ல, மாடிக்கு ஒருவர்.

வருஷக் கடைசியில் கடன் குறைந்திருந்தது. பெரிதாக இல்லை, ஆனால் வெகுகாலத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏறாமல் இறங்கியிருந்தது. பத்திரிகைகள் பாராட்டி எழுதின. துறையில் எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். லிப்டில் அகப்பட்ட அந்த எழுத்தர் வந்து கைகொடுத்தார்.

தங்கை மாதம் ஒருமுறை தையல்காரம்மாவைப் பார்க்க வருவாள். அவர் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாசலிலேயே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். அந்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். “நீ போய்ட்டு வா அண்ணா. தேடிக்கிட்டு இருப்பாங்க” என்றாள். அவர் தனியாகப் போனார்.

தையல்காரம்மாவுக்கு இப்போது உட்கார முடிவதில்லை. படுத்தபடியே, “வாங்க தம்பி” என்றாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்களில் பெண்கள் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கடன்ல இருக்கோம்னுதானே நம்ம வார்டை மூடினீங்க” என்று அவளே ஆரம்பித்தாள். “பாப்பா அப்பவே சொல்லிடுச்சு. அடைஞ்சிடுச்சா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குத்தலாக எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு நோயாளி தேறிவிட்டாரா என்று கேட்பது மாதிரிதான் கேட்டிருந்தாள்.

“இல்லம்மா. இந்த வருஷம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

“குறையட்டும், நல்லதுதான். கடன் வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்க முடியாது.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடிக்கடி வந்து ஏதாவது பேசிட்டுப் போங்க தம்பி. இங்க எல்லாருமே தெளிவா பேசறாங்க. யாரும் நான் காது குடுத்துக் கேக்கற மாதிரி பேசறதில்ல.”

அவர் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் அருகில் நகர்த்திக்கொண்டார். பேசத்தான் வாயைத் திறந்தார். கூழாங்கல் உருளுவது மாதிரி சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. தையல்காரம்மா தலையை மெல்ல அவர் பக்கம் திருப்பி, அவசரப்படாமல் காத்திருந்தாள்.